டிரில் ஹோலில் எரிந்த அறை

சென்ற மாதம் என் பழைய கொம்பனியில் இருந்து அழைப்பு வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாலு பேருக்குத் தூசிப் பையைப் பற்றி ஒருக்கால் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். போய்ப் பத்து நிமிடம் பேசினேன். வீடுகளில் மரப்பலகை போட்ட நிலத்தைத் தேய்த்து மினுக்குவது எங்கள் தொழில். தேய்க்கிற மெஷினின் பின்பக்கம் ஒரு துணிப் பை தொங்கும். பலகையிலிருந்து வரும் தூசு முழுக்க அதற்குள் போகும். அந்தத் தூசு சும்மா கிடந்தாலே சூடேறும். பழைய வார்னிஷ் கலந்திருந்தால் இன்னும் கெதியாகச் சூடேறும். மெஷினின் அடியில் தேய்க்கிற தாள் சுற்றிய உருளை ஆணித் தலையில் பட்டுத் தெறித்த பொறி உள்ளே போய்விட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெளியே கொண்டுபோய், கட்டடத்துக்குத் தள்ளி, மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்ட வேண்டும். இதைத்தான் சொன்னேன்.

முடிவில் ஒருவர் கேட்டார்: "உங்கட மெஷினில எப்பவாவது நெருப்புப் பிடிச்சதா?"

"ஒருதரம்" என்றேன். அவர்களுக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. மிச்சத்தைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் முழுப் பெயர் சூசைதாசன். மன்னாரில் பிறந்தேன். முப்பத்தைந்து வயதில் மனைவி ரீற்றாவையும் கைக்குழந்தையாக இருந்த மகள் ஜெனியையும் கூட்டிக்கொண்டு மெல்பேர்ணுக்கு வந்தேன். நோபல் பார்க்கில் குடியிருந்தோம். அங்கே மாதா கோயிலில் கண்ட ஒருவர், நிலம் தேய்க்கிற இத்தாலியர் ஒருவருக்கு ஆள் தேவை என்றார். அந்த இத்தாலியர்தான் மரியோ. சூசை என்பதை இங்குள்ளவர்கள் சூஸி என்று வாசித்தார்கள். அது பெண்பிள்ளையின் பெயர் என்பதை மரியோ சொல்லித்தான் அறிந்தேன். அவரே அதைச் சூஸ் என்று குறைத்தார். கடைசிவரை அதுதான் நிலைத்தது.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழங்காலில் நின்று ஆணி இறக்கினேன். ஒவ்வொரு ஆணித் தலையையும் பலகையின் முகத்துக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீற்றர் இறக்கிவிட வேண்டும். ஒரு அறைக்கு நானூறு, ஐந்நூறு ஆணி. மூன்றாம் வருடம் மரியோ மெஷினைக் கையில் தந்தார்.

மரியோ சத்தம் போட மாட்டார். வேலை முடிந்ததா என்றும் கேட்க மாட்டார். பின்னேரம் வருவார். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். நேரே மெஷினிடம் போய்ப் பையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல. பிறகு நிலத்தில் முழங்காலிட்டு, கன்னத்தைப் பலகையோடு ஒட்டிவைத்து, ஜன்னல் வெளிச்சம் வருகிற பக்கமாகப் பார்ப்பார். நின்று பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அப்படிப் பார்த்தால் தெரியும்.

ஒருமுறை ஒரு வைத்தியரின் வீட்டில் பிழை விட்டேன். உருளை நிலத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது மெஷினை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. நான் ஒரு நொடி நின்றுவிட்டேன். அறையின் நடுவில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பள்ளம். மரியோ வந்தார், கன்னத்தை வைத்தார், வழக்கத்தை விட அதிக நேரம் அப்படியே கிடந்தார். எழும்பி, பக்கத்தில் நின்ற வைத்தியரிடம், "பிழை விட்டிட்டன். நாளைக்கு முழு அறையையும் திருப்பிச் செய்து தாறன்" என்றார்.

மரியோவின் வான் வண்டியில் ஏறியதும் நான் கேட்டேன்: "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்? பிழை விட்டது நானெல்லோ."

"பிழை உன்ர எண்டு அந்தாளுக்கு முன்னால சொன்னா, அடுத்த முறை நீ பிழையை எனக்கு ஒளிப்பாய்" என்றார். அதற்குமேல் அந்தக் கதையை எடுக்கவில்லை. இருபத்தாறு வருடம் அவரோடு வேலை செய்தேன். ஒரு பிழையையும் நான் அவருக்கு ஒளித்ததில்லை.

முழங்கால்கள் இரண்டும் பழுதானதும் ஓய்வெடுத்தேன். அடுத்த வருடம் ரீற்றா காலமாகிவிட்டாள். ஜெனி கலியாணம் செய்து சிட்னியில், பென்டில் ஹில்லில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். மற்ற ஆறு நாளும் என் வீட்டில் ரீவி மட்டும் பேசும்.

கடைக்குப் போனால் ஒரே ஒரு சாமான்தான் வாங்குவேன். இன்றைக்கு வெங்காயம், நாளைக்குப் பருப்பு. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிவிட்டால் அடுத்த நாள் போக ஒரு இடம் இருக்காது. கடையில் நிற்கிற பிள்ளை அதைக் கவனித்துவிட்டாள். "அங்கிள், ஒரு லிஸ்ட் எழுதிக்கொண்டு வாங்கோவன், ஈசியா இருக்கும்" என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். ஆனால் பிறகு அந்தக் கடைக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நாட்களில் நூலகத்தில் ஒரு அறிவித்தல் கண்டேன். பக்கத்து ஊரில் இருந்த பழைய டிரில் ஹோலைத் திருத்தி ஊர்ச் சனத்தின் பாவனைக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அதற்குத் தொண்டர்கள் தேவையாம். டிரில் ஹோல் என்றால், நூறு வருடத்துக்கு முன் ஊர் இளைஞர்களுக்கு இராணுவப் பயிற்சி கொடுக்கக் கட்டிய மண்டபம். செங்கல் சுவர், தகரக் கூரை, உள்ளே நீளமான பலகை நிலம். பல வருடம் பூட்டிக் கிடந்தது. கடைசி வரியில், 'பலகை நிலத்தில் அனுபவம் உள்ளவர் விசேடமாகத் தேவை' என்று எழுதியிருந்தது. அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

போனேன். ஆனால் வாசலைத் தாண்ட முடியவில்லை. உள்ளே சுவர் நெடுகிலும் சீருடைக்காரரின் படங்கள். இருபத்தாறு வயதில் நான் ஊரில் ஒரு இராணுவ முகாமில் பதினொரு நாள் இருந்திருக்கிறேன். அங்கே நான் நடந்து போகவில்லை. என்னைக் கொண்டுபோனார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. பட்டாளக் கட்டடம் ஒன்றுக்குள் என் சொந்தக் காலால் போவதென்றால் அதுதான் முதல் தடவை.

"உள்ள வாறியா, இல்லை கதவைத்தான் பார்க்க வந்தனியா?" என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அதுதான் ஹெலன். எழுபது வயது இருக்கும். இராணுவத்தின் பண்டசாலைப் பிரிவில் சார்ஜண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தத் திருத்த வேலைக்கு அவர்தான் தலைவி.

"நிலத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்க் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் காற்றுத் துவாரத்தின் மூடியைக் கழற்றிப் பலகையின் கனத்தை அளந்தேன். பலகையின் ஒரு ஓரத்தில் நாக்கும் மற்ற ஓரத்தில் காடியும் இருக்கும். ஒன்று மற்றதற்குள் பொருந்தித்தான் நிலம் நிற்கிறது. மேலேயிருந்து நாக்குவரை எவ்வளவு மரம் மிச்சமோ அவ்வளவுதான் அந்த நிலத்தின் ஆயுள்.

"ஒருதரம் தேய்க்கலாம். இரண்டாம் தரம் தேய்க்க இதில மரம் இல்லை" என்றேன்.

ஹெலன் கொப்பியை நீட்டினார். "பேரை எழுது. வந்த நேரத்தையும் எழுது."

அவருடைய நடைமுறை அப்படி. செவ்வாயும் வியாழனும் வேலை. வரும்போது கையெழுத்து, போகும்போது கையெழுத்து. சுத்தியல் முதல் வாளிவரை எல்லாவற்றுக்கும் இலக்கம் ஒட்டியிருந்தார். மூன்று மணிக்கு நடுவில் நின்று பட்டியலை உரத்து வாசிப்பார். ஒரு உளி குறைந்தாலும் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று மணிக்கு நான் அங்கே இருக்கிறேனா என்று பார்க்க ஒருவர் இருந்தார்.

தொண்டர்கள் பதினைந்து பேர் வரை. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆட்கள். மதியத்தில் எல்லாரும் மண்டபத்தின் முன்பக்கம் கதிரை போட்டு வட்டமாக இருந்து சாப்பிடுவார்கள். லெஸ் என்பவர் மட்டும் பின்பக்கப் படியில் இருப்பார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் இதே நிலத்தில் கால் மாற்றி அணிநடை பழகி, பிறகு வியட்னாம் சண்டைக்குப் போய் வந்தவர். பழைய ஜன்னல்களைக் கழற்றி உக்கின பகுதியை வெட்டிப் புது மரம் வைப்பது அவருடைய வேலை. நானும் சாப்பாட்டுப் பெட்டியோடு பின் படிக்குத்தான் போனேன். என் கறியின் மணத்தைப் பற்றி முன்பக்கத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் எனக்குப் பின் படிதான் வசதியாக இருந்தது.

ஆறு மாதத்தில் நாங்கள் இருவரும் பேசியதை ஒரு தாளில் எழுதி முடிக்கலாம். ஒருநாள் கேட்டார்: "உன்ர ஊர்ச் சண்டையில நீ எந்தப் பக்கம்?"

"ஒரு பக்கமும் இல்லை. என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்."

"என்னத்துக்கு?"

"இண்டைவரைக்கும் தெரியாது."

லெஸ் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "என்னையும் என்னத்துக்கு அனுப்பினவங்கள் எண்டு எனக்கு இன்னும் தெரியாது" என்றார். தன் பிஸ்கட் பக்கெட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். அன்றிலிருந்து அது நடுவில்தான் இருந்தது.

சாப்பிட்டதும் ஒரு சிகரட் சுற்றிக் குடிப்பார். கட்டடத்துக்குப் பக்கத்தில் குடிக்க வேண்டாம் என்று ஹெலன் மூன்று தரம் ஏசியிருக்கிறார். லெஸ் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன மீன் பேணியை எடுத்துக் காட்டுவார். மூடி போட்ட தகரப் பேணி. "சிகரட் கட்டை எல்லாம் இதுக்குள்ளதான் போடுறனான்" என்பார்.

பெரிய மண்டபத்தின் நிலத்துக்கு எனக்கு நாலு மாதம் எடுத்தது. துப்பாக்கி வைத்திருந்த சின்ன அறையின் வாசலில் பலகை ஒரு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. அதையும் மட்டமாக்க வேண்டும் என்று ஒரு தொண்டர் சொன்னார். ஹெலன் விடவில்லை. "துவக்கு வாங்க வரிசையில நிண்டவங்களின்ர கால்தான் அது. அதைத் தேய்க்க வேண்டாம்" என்றார். அந்த இடத்தில் மெஷினை ஏற்றாமல் கையால் மட்டும் துடைத்தெடுத்தேன். முடிவில் மூன்று பூச்சு பொலிஷ் அடித்தோம். அது காய்ந்த காலையில் வெளிச்சம் கதவிலிருந்து கடைசிச் சுவர்வரை நிலத்தில் ஓடிக் கிடந்தது. அன்று எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். நான் சொல்லவில்லை, தாங்களாகவே கழற்றினார்கள்.

அடுத்த வியாழக்கிழமை மிச்சமாக இருந்தது அந்தச் சின்ன அறை. காலையில் பத்து மணிக்கு மெஷினைத் தொடங்கினேன். பதினொன்றரை இருக்கும், உருளைக்கு அடியில் ஒரு பொறி தெறித்தது. நான் காணாமல் விட்ட ஒரு ஆணி. மெஷினைத் தூக்கி நிறுத்தி, ஆணியை இறக்கினேன். பொறி பறந்தால் உடனே பையை வெறுமையாக்க வேண்டும். அது எனக்கு என் பெயரைப் போலத் தெரியும். இன்னும் ஐந்தாறு வரிசைதான், முடித்துவிட்டுக் கொட்டுவோம் என்று தேய்த்தேன். முடித்து மெஷினை நிறுத்தும்போது ஹெலன் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் எல்லாரும் நின்றார்கள். பெரிய மண்டபம் முடிந்ததற்காக முன் தெருச் சாப்பாட்டுக் கடையில் மேசை சொல்லி வைத்திருந்தார்களாம்.

"சூஸ், வா. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கினம்."

"ஒரு நிமிசம்" என்றேன்.

"ஒரு நிமிசமும் இல்லை. உன்ர நிலத்துக்குத்தான் இந்தச் சாப்பாடு. வா!"

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். ரீற்றா போன பிறகு எனக்காக யாரும் எங்கேயும் காத்து நின்றதில்லை. ப்ளக்கைக் கழற்றினேன். பையில் கையை வைத்துப் பார்க்கவில்லை. போனேன்.

லெஸ் வரவில்லை. "எனக்குச் சனக்கூட்டம் ஒத்துக்கொள்ளாது. நான் இஞ்ச நிண்டு பார்த்துக்கொள்ளுறன்" என்றார்.

அந்தச் சாப்பாட்டில் நான் நிறையப் பேசினேன். மரியோவின் கதையெல்லாம் சொன்னேன். சிரித்தார்கள். ஒருவர் எனக்குத் தன் தட்டிலிருந்து மீன் எடுத்து வைத்தார். தேத்தண்ணி வரும்போதுதான் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது. அது எங்கள் தெருவுக்குள் திரும்பும்வரை நான் பையை நினைக்கவே இல்லை.

பின் படியில் இருந்த லெஸ்தான் புகையைக் கண்டிருக்கிறார். சின்ன அறையின் கதவு உள்பக்கம் இரும்புத் தகடு அடித்தது. அதை இழுத்துச் சாத்தியிருக்கிறார். வலது உள்ளங்கை வெந்துவிட்டது. அவரிடம் போன் இல்லை. அந்த வயதில் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அவர் கதவைச் சாத்தியபடியால்தான் பெரிய மண்டபம் தப்பியது. சின்ன அறையில் மெஷின், பை, பழந்துணி, நிலம், கூரைத் தடி எல்லாம் கரி.

தீயணைப்பு அதிகாரி தொப்பியைக் கழற்றாமல் என்னிடம் வந்தார். "நிலம் தேய்த்தது நீங்களா?"

"ஓம்."

"போகும்போது பையை வெறுமையாக்கினீங்களா?"

"யெஸ்" என்றேன்.

ஒரு சொல். யோசித்துச் சொன்ன சொல் அல்ல. சீருடையில் ஒருவர் முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்கும்போது, எந்தப் பதில் சொன்னால் அவர் என்னை விட்டுப் போவாரோ அந்தப் பதில் என் வாயில் தானாக வரும். அப்படித்தான் அந்தப் பதினொரு நாளும் தப்பினேன். ஆனால் இது அந்த முகாம் இல்லை. அந்த மனிதர் என்னை அடிக்கப் போவதுமில்லை. ஒரு நிமிடம் கழித்து, "இல்லை, பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்று என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

பை வெறுமை என்றால் மிஞ்சியது ஒன்றுதான். சின்ன அறையின் ஜன்னலைத் திருத்துவதற்காக லெஸ் கழற்றியிருந்தார். திறந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் அவர் இருந்து சிகரட் குடிக்கிற படி. எல்லாருடைய கண்ணும் அங்கே போனது. லெஸ் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "பேணிக்குள்ளதான் போட்டனான்" என்றார். பிறகு மெல்ல, "போட்டனான் எண்டுதான் நினைக்கிறன்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நூலகத்து அறையில் கூட்டம். லெஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். எழும்பி நின்று ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். "என்ர கவலையீனம். நூறு வருசம் நிண்ட கட்டடத்தை நான் அழிக்கப் பார்த்திட்டன். எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். இனி வரமாட்டன்." மண்டபக் கதவின் திறப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஹெலன், "நன்றி லெஸ்" என்று மட்டும் சொன்னார். நான் மூன்று கதிரை தள்ளி இருந்தேன். மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி போன் எடுத்தபோது சொன்னேன்.

"அப்பா, இப்ப ஏன் அதைக் கிளறுறியள்? ஒருத்தரும் சாகேல்லத்தானே. உங்களுக்கு வயசு போட்டுது, மறந்திட்டியள். அவ்வளவுதான்."

"பையைத்தான் பிள்ளை மறந்தனான். கேட்ட கேள்விக்குப் பதிலை மறக்கேல்ல. பொய் சொன்னனான்."

அந்தப் பக்கம் பிள்ளை ஒன்று, "மம்!" என்று கத்தியது. "அப்பா, நான் பிறகு எடுக்கிறன், என்ன?" என்றாள். பிறகு எடுக்கவில்லை. அவளுக்கு எவ்வளவோ வேலை.

அடுத்த சனிக்கிழமை கோயிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். நிற்கும்போது மனதில் ஒன்று பட்டது. இது ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பவர் லெஸ் ஒருவர்தான். வரிசையை விட்டு வெளியே வந்து, என் வானை எடுத்துக்கொண்டு நேரே டிரில் ஹோலுக்குப் போனேன். ஹெலன் தனியே நின்று கரியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"பையை நான் கொட்டேல்ல" என்றேன்.

ஹெலன் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் போய்க் கொப்பியும் பேனாவும் எடுத்து வந்தார். கவிழ்த்த ஒரு பெட்டியின் மேல் அவர் இருந்தார், எனக்கு மற்றப் பெட்டியைக் காட்டினார்.

"காலையில இருந்து தொடங்கு. எத்தனை மணிக்கு வந்தனீ?"

சொன்னேன். மெஷின் தொடங்கிய நேரம், தேய்க்கிற தாளின் இலக்கம், பொறி எந்த வரிசையில் பறந்தது, பை எவ்வளவு நிறைந்திருந்தது, எல்லாம் கேட்டார். எல்லாவற்றையும் எழுதினார். அவர் வாசலில் வந்து கூப்பிட்ட இடம் வந்ததும் பேனா நின்றது. "நீ ஒரு நிமிசம் கேட்டனீ. நான் விடேல்ல. அதையும் எழுதுறன்" என்றார், எழுதினார். பிறகு அந்த 'யெஸ்' வந்தது.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"சீருடை போட்ட ஆள் கேட்டவர்" என்றேன். "அது ஒரு சாட்டில்லை. நடந்தது அதுதான்."

ஹெலன் அதையும் அப்படியே எழுதினார். "நானும் முப்பது வருசம் சீருடை போட்டனான்" என்றார். தாளைத் திருப்பி என்னிடம் தந்தார். வாசித்துக் கையெழுத்து வைத்தேன். "குழுவுக்கும் தீயணைப்புக்காரருக்கும் இதை நான் குடுக்கிறன். லெஸ்ஸுக்கு நீதான் சொல்ல வேணும். இண்டைக்கே."

லெஸ் இருப்பது வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்று. பின்னேரம் நாலு மணிக்கே திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடியிருந்தது. அவருடைய பழைய யூட் வண்டி வாசலில் நிற்கவில்லை. கதவைத் திறந்தார். கையில் இன்னும் கட்டு. நின்றபடியே சொன்னேன். தலையையும் வாலையும் வெட்டாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"திருப்பிச் சொல்லு" என்றார்.

திருப்பிச் சொன்னேன்.

"அப்ப நான் கட்டையைப் பேணிக்குள்ளதான் போட்டிருக்கிறன்."

"ஓம்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கண் கலங்கியிருந்தது. "அண்டையில இருந்து அந்தக் கட்டையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன். போட்டதைக் கண்ணால காணுறன், பிறகு காணுறதை நம்பேலாமல் கிடக்கு. டொக்டரிட்டப் போய் மூளையைச் சோதி எண்டனான். தாளில மணிக்கூடு ஒண்டு படமாக் கீறச் சொன்னாள், சரியாக் கீறினனான். எண்டாலும் நம்பேல்ல. போட்ட கட்டையே தெரியாதவன் ரோட்டில ஒரு பிள்ளைக்கு மேல வண்டியை ஏத்தினா? லைசன்ஸை நானாக் கொண்டுபோய்க் குடுத்திட்டன். யூட்டை வித்திட்டன்."

அவரிடமிருந்து நான் எடுத்தது அவருடைய நல்ல பெயர் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சிரிப்பு மெல்ல மெல்லப் போய்விட்டது. "நான் எழும்பி நிண்டு வாசிச்சனான். நீ மூண்டு கதிரை தள்ளி இருந்தனீ" என்றார்.

"ஓம், லெஸ்."

"போ" என்றார். கதவைச் சாத்தினார்.

குழு என்னை நிற்பாட்டவில்லை, ஆனால் மெஷின் தொடக்கூடாது என்று சொன்னார்கள். சரியென்றேன். எரிந்த அறையின் நிலத்தை நானே போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். இடித்த பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஹெலன் அதே காலத்துப் பலகை தேடிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகப் பொருத்தி, கைச் சீவுளியாலும் தாளாலும் தேய்த்தேன். மெஷினுக்கு இரண்டு நாள் வேலை. எனக்கு ஏழு வாரம் எடுத்தது. மற்றவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். காலை வணக்கம் சொன்னார்கள், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார்கள். மதியத்தில் நான் பின் படியில் தனியே இருந்து சாப்பிட்டேன்.

திறப்பு விழாவில் ஹெலன் எல்லாருக்கும் முன்னால் லெஸ்ஸின் பெயரைச் சொன்னார். இரும்புக் கதவைச் சாத்தி மண்டபத்தைக் காப்பாற்றியவர் அவர், நெருப்புக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழும்பி, "அது என்ர பிழை. கேட்டபோது நான் பொய் சொன்னனான்" என்றேன். என் ஆங்கிலம் எல்லாருக்கும் விளங்கியது. லெஸ் வரவில்லை. அவருக்கென்று முன்வரிசையில் போட்ட கதிரை வெறுமையாகவே இருந்தது.

இப்போது மண்டபம் சும்மா இருப்பதில்லை. பின்னேரத்தில் பிள்ளைகள் பூப்பந்து விளையாடுகிறார்கள். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் நடன வகுப்பு. செவ்வாய்க்கிழமை காலை வயது போனவர்களின் கூட்டம், தேத்தண்ணியும் சீட்டு விளையாட்டும். நான் முன்னதாகப் போய்க் கதிரை அடுக்குவேன். குளிர்காலம் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை லெஸ் உள்ளே வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். சின்ன அறைக்குப் போய் நிலத்தைப் பார்த்தார். வெளியே வந்து, நான் இருந்த மேசைக்கு எதிர்ப்பக்கத்தில், கடைசி மேசையில் இருந்தார். அடுத்த கிழமையும் வந்தார். என்னைக் கண்டால் தலையை அசைக்கவும் மாட்டார், திருப்பவும் மாட்டார்.

மழை பெய்த ஒரு நாள், கூட்டம் முடிந்து நான் வானில் வரும்போது, அவர் பஸ் தரிப்பில் நனைந்துகொண்டு நின்றார். நிறுத்திக் கதவைத் திறந்தேன். கொஞ்ச நேரம் மழைக்குள்ளேயே நின்றார். பிறகு ஏறினார். அவருடைய தெருவுக்குள் திரும்பினேன். நான்தான் கடைசியில் கேட்டேன், லைசன்ஸைத் திரும்ப எடுக்கலாமே என்று.

"கார் ஓடிக் காட்டச் சொல்லுவாங்கள். இனி ஒருத்தருக்கும் ஒண்டும் காட்ட எனக்கு ஏலாது" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கினார். குடையில்லாமல் நின்று, என்னைப் பார்க்காமல், "செவ்வாய், ஒம்பதரை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒன்பதரைக்கு அவரை ஏற்றுகிறேன், ஒரு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறேன். மழை வரும் போல, ரோட்டில் நெரிசல், இவ்வளவுதான் பேச்சு. வாசலில் அவர் இறங்கினால் நான் என்ஜினை நிறுத்திவிட்டு இருப்பேன். திறப்பைத் தேடுவார், கதவைத் திறப்பார், போவார். உள்ளே வா என்று இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. கதவு சாத்தி, உள்ளே விளக்கு எரிந்து, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் நான் வானை எடுக்கிறேன்.